சதுப்பு நிலத்துக் கிரீ ஊர்கள்: ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரை வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீ மக்கள் என்பவர் யார்? இங்கே எந்தக் கிரீ மக்களைப் பற்றிய பேச்சு?

கனடாவின் முதற்குடிகளுள் எண்ணிக்கையில் பெரியவர்களுள் கிரீ மக்கள் அடங்குவர். கிழக்கே கியூபெக் முதல் மேற்கே ஆல்பர்ட்டா வரை அவர்கள் பரவியிருக்கிறார்கள். கிரீ என்பது அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று. ஏதோ ஒரு குழுவின் பெயரைப் பிரெஞ்சு வணிகர்கள் தம் நாவுக்கு ஏற்ப வழங்கி, பிறகு சுருக்கியதில் எஞ்சிய துண்டு அது. இங்கே பேசப்படுவோர் ஒன்டாரியோ மாகாணத்தின் வடகோடியில், ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரையிலும் அதற்கு வடக்கே ஹட்சன் விரிகுடாவின் தென்கரையிலும் வாழ்பவர்கள். தங்களை அவர்கள் 'ஒமுஷ்கெகோவுக்' என்கிறார்கள். சதுப்பு நிலத்து மக்கள் என்பது அதன் பொருள்.

அந்த ஊர்கள் எவை?

தெற்கிலிருந்து வடக்காகச் சொன்னால் மூஸ் ஃபாக்டரி, ஃபோர்ட் ஆல்பனி, கஷெச்செவன், அட்டவாபிஸ்கட், பீவானக் ஆகியவை முதன்மையானவை. மூஸ் ஃபாக்டரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் மூசொனி ரயில் முடிகிற ஊர். அட்டவாபிஸ்கட்டிலும் கஷெச்செவனிலும் ஏறத்தாழ 2,000 பேர் வீதம் வாழ்கிறார்கள். பீவானக்கில் சில நூறு பேரே உண்டு. டொராண்டோவில் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்கு, தாங்கள் வாழும் அதே மாகாணத்தில், நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வடக்கே இப்படியொரு கரை இருக்கிறது என்பதே செய்திகளில் வெள்ளமோ நெருக்கடி நிலையோ பேசப்படும்போதுதான் தெரியவருகிறது.

அந்தச் சதுப்பு எப்படிப்பட்டது?

சதுப்பு என்றதும் சேறும் நாணலும் நிறைந்த ஒரு குட்டையை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடாது. ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் எனப்படும் இது 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்தது. உலகின் மிகப் பெரிய பீட் நிலங்களுள் ஒன்று. பீட் என்பது குளிரிலும் நீர் தேங்கிய காற்றற்ற நிலையிலும் முழுமையாக மக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த பாசி. பல இடங்களில் அதன் ஆழம் இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். அதற்குள் 3,000 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கரிமம் அடைபட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது இந்நிலம் முழுவதும் கடலுக்கு அடியில் கிடந்தது. பனிப்பாறைகளின் பாரத்தால் அழுந்தியிருந்த தரை, பாரம் நீங்கியதும் மெல்ல எழத் தொடங்கி இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்ற கணக்கில் அது உயர்கிறது. இவ்வளவு சமதளமான நிலத்தில் ஒரு மீட்டர் உயர்வு கடலை வெகுதூரம் பின்தள்ளிவிடும். தாத்தா காலத்தில் வாத்து வேட்டைக்கு உகந்ததாயிருந்த கரைச் சதுப்பில் பேரன் காலத்தில் புதர் மண்டிவிடுவது இதனால்தான்.

இப்படிப்பட்ட நிலத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்துவந்தார்கள்?

ஒரே இடத்தில் இருக்காமல் வாழ்ந்தார்கள். இக்கேள்விக்கு இதைவிடச் சரியான விடை எனக்குத் தெரியவில்லை. கீழே வரும் பல விடைகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன. குளிர்காலத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களாக உள்நாட்டு ஆற்றோரக் காடுகளுக்குள் சென்று மூஸ் மான், கரிபு மான், பீவர், முயல் ஆகியவற்றை வேட்டையாடினர். வசந்தத்தில் கரைக்கு வந்து வாத்துகளை எதிர்கொண்டனர். கோடையில் ஆற்றுமுகங்களில் கூடி மீன் பிடித்தனர், உறவு கலந்தனர், திருமணம் பேசினர். ஆறு உறையத் தொடங்குமுன் மீண்டும் கலைந்தனர்.

அவர்களுடைய ஆண்டுக்கும் நம் இலக்கணத்தின் பெரும்பொழுதைப் போலவே ஆறு பருவங்கள். ஆனால் எல்லைக்கற்கள் வேறு: பனிக்கட்டி உடையும் காலத்துக்குச் 'சீக்வன்' என்றும், இலை துளிர்க்கும் காலத்துக்கு 'மினொஸ்கமின்' என்றும், கோடைக்கு 'நீபின்' என்றும், இலையுதிர் காலத்துக்குத் 'தக்வாகின்' என்றும், ஆறு உறையும் காலத்துக்கு 'மிகிஸ்காவ்' என்றும், கடுங்குளிருக்குப் 'பிபோன்' என்றும் பெயர். ஆறுகளின் மீது படகில் போகலாமா, நடக்கலாமா, இரண்டும் இயலாதா என்பதே ஆண்டைப் பகுக்கும் கோடாக இருந்தது.

சதுப்பு அவர்களுக்கு இடையூறாக மட்டும் இருக்கவில்லை. ஸ்பாக்னம் பாசி தன் உலர் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். தாய்மார்கள் அதைப் பறித்து, உலர்த்தி, குச்சியும் பூச்சியும் நீக்கித் தூய்மைசெய்து, குழந்தையைச் சுற்றிக் கட்டும் பையில் அணையாடைக்குப் பதிலாக இட்டனர். அந்தப் பையோடு குழந்தையைத் 'திகினாகன்' என்னும் பலகைத் தொட்டிலில் வைத்து முதுகில் சுமந்துசெல்வது வழக்கம். டாமராக் மரத்தின் மெல்லிய கிளைகளைக் கட்டி வாத்துருவம் செய்து, பறந்துபோகும் வாத்துகளைக் கீழே இறங்க வைப்பதற்கான போலிப் பறவைகளாக நட்டுவைத்தார்கள். இன்று அது கைவினைப் பொருளாகவும் விற்கிறது.

அப்படியானால் நிலையான ஊர்கள் எப்படி வந்தன?

வணிகமும் மதமும் அரசும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆங்கிலேயத் தோல் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனி 1673ஆம் ஆண்டில் மூஸ் ஆற்றின் முகத்தில் பண்டகசாலை நிறுவியது. கடல்வழி வரும் கப்பலுக்கும் உள்நாட்டிலிருந்து தோல் கொண்டுவரும் தோணிக்கும் பொதுவான இடம் ஆற்றுமுகம் என்பதால் மற்றப் பண்டகசாலைகளும் அவ்வாறே ஆற்றுமுகங்களில் எழுந்தன. அவற்றின் அருகில் மாதா கோயில்கள் வந்தன. பிறகு பள்ளிக்கூடம், செவிலியர் நிலையம், அரசு உதவித்தொகை. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமானால் குடும்பமும் அங்கே தங்க வேண்டியதாயிற்று. கோடையில் சில வாரங்கள் கூடிக் கலையும் இடமாக இருந்தது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் ஊராக மாறிவிட்டது. ஃபோர்ட் ஆல்பனியும் கஷெச்செவனும் ஒரே சமூகமாக இருந்து, கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் என்ற மதப்பிரிவின் வழியே 1950களில் ஆற்றின் இரு பக்கமாகப் பிரிந்தவை.

இடையில் வந்தது, நிலம் குறித்து அரசு முதற்குடிகளோடு செய்துகொண்ட 9ஆம் ஒப்பந்தம். 1905, 1906 ஆண்டுகளில் கனடா, ஒன்டாரியோ அரசுகளின் ஆணையர்கள் தோணியில் ஊர் ஊராகச் சென்று கையொப்பம் பெற்றனர். அட்டவாபிஸ்கட்டும், பீவானக் மக்கள் முன்பு வாழ்ந்த ஊரான வினிஸ்க்கும் 1930இல் இணைந்தன. 1905இல் ஒவ்வொருவருக்கும் முதலில் 8 டாலரும் பின் ஆண்டுக்கு 4 டாலரும் வழங்கப்படும் என்றனர். அந்த 4 டாலர் இன்றும் 4 டாலர்தான். வேட்டையும் மீன்பிடிப்பும் எப்போதும் போலத் தொடரும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாக முதியோர் காலங்காலமாகக் கூறிவந்தனர். ஆணையர்களில் ஒருவரான டேனியல் மக்மார்ட்டின் எழுதிய நாட்குறிப்பும் அதற்கு இசைவாகவே இருக்கிறது. எழுதப்பட்ட ஒப்பந்தத்திலோ, குடியேற்றம், சுரங்கம், மரம் வெட்டுதல் முதலியவற்றுக்கு வேண்டிய நிலம் இவ்வுரிமைக்கு விலக்கு என்ற வரி இருந்தது. பிற்காலத்து வழக்குகளும் பூசல்களும் பெரும்பாலும் அந்த ஒரு வரியைச் சுற்றியே நிகழ்கின்றன.

ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த ஊர்கள் வெள்ளத்துக்கு அஞ்சிக் காலிசெய்யப்படுவது ஏன்?

இங்குள்ள பெரிய ஆறுகள் தெற்கிலும் மேற்கிலும் தோன்றி வடகிழக்காக விரிகுடாவை நோக்கி ஓடுகின்றன. வசந்தத்தின் வெப்பம் முதலில் தலைப்பகுதிகளை எட்டுகிறது. அங்கே பனி உருகி நீர் பெருகும்போது ஆற்றுமுகமோ இன்னும் தடித்த பனிக்கட்டியால் மூடிக்கிடக்கிறது. மேலிருந்து வரும் நீர் கட்டியை உடைத்துப் பாளம் பாளமாகத் தள்ளிக்கொண்டு வர, உடையாத கட்டியில் அவை மோதிக் குவிந்து அணை போல் நின்றுவிடுகின்றன. அப்போது நீர்மட்டம் ஏறுவதற்கு நாள்கணக்கு வேண்டியதில்லை, மணிக்கணக்கே போதும். மழை வெள்ளத்துக்குப் பழகிய நமக்கு இதில் புதுமையாகத் தோன்றுவது, நீரோடு சேர்ந்து வீட்டளவு பனிப்பாளங்களும் ஊருக்குள் வரும் என்பது.

1986 மே 16 அன்று வினிஸ்க்கில் நடந்தது அதுவே. ஊர் பனிப்பாளங்களால் அடித்துச் செல்லப்பட்டது, இருவர் இறந்தனர். எஞ்சியோர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேல்நீரோட்டத்தில், மேடான ஓரிடத்தில் புதிதாகக் குடியேறினர். அந்த இடம்தான் பீவானக்.

கஷெச்செவனுக்கு அந்த மாற்றம் இன்னும் கைகூடவில்லை. ஊரைச் சுற்றிக் கரை எழுப்பப்பட்டிருக்கிறது. அந்தக் கரையின் வலிமை மேல் ஐயம் உள்ளதால் ஏறக்குறைய ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர், சில ஆண்டுகளில் ஊர் முழுவதுமே, விமானத்தில் ஏற்றப்பட்டுத் தெற்கிலுள்ள நகரங்களின் விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கவைக்கப்படுகிறார்கள். மேட்டுநிலத்துக்கு ஊரை மாற்றுவதற்கான உடன்பாட்டுச் சட்டகம் ஒன்றில் 2019இல் இரு அரசுகளும் ஊராட்சியும் கையெழுத்திட்டன. 2020ஆம் ஆண்டின் வசந்தத்தில் கொரோனா காரணமாக நகரங்களுக்குப் போவது ஆபத்து என்றானபோது, பல குடும்பங்கள் தங்கள் வேட்டை முகாம்களுக்குச் சென்று, நீர் வடியும்வரை அங்கேயே தங்கின. ஆறு உடையும் பருவத்தில் ஆற்றுமுகத்தில் இராமல் வேறிடம் போவது என்பது அவர்களுடைய பழைய நாட்காட்டிதான். முதியோருக்கு அதில் வியப்பேதும் இருந்திராது.

பெயர் குறித்து ஒரு சிறு செய்தி: 'கீஷெச்செவன்' என்றால் நீர் விரைந்தோடும் இடம் என்று பொருள், எழுத்துப் பிழையால் 'கஷெச்செவன்' ஆகிவிட்ட பெயருக்குக் கிரீ மொழியில் பொருளே இல்லை என்று கூறுவார்கள்.

சாலை இல்லாத ஊர்களுக்கு எப்படிப் போய்வருகிறார்கள்?

எல்லாப் பருவத்திலும் விமானம் உண்டு. கட்டணம் மிக அதிகம். காக்ரேன் நகரிலிருந்து மூசொனி வரை 299 கிலோமீட்டருக்கு ரயில் ஓடுகிறது. 1932இல் அந்தத் தண்டவாளம் முடிக்கப்பட்டது. அந்த ரயிலுக்குத் துருவக் கரடி விரைவு வண்டி என்று பெயர். வழியில் கரடி எதுவும் தென்படாது, வேகமும் அவ்வளவாக இல்லை.

மூசொனிக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குப் பனிக்காலத்தில்தான் சாலை பிறக்கிறது. சதுப்பும் ஆறுகளும் இறுகியபின், பனியை அழுத்தி, ஆற்றைக் கடக்கும் இடங்களில் நீர் பாய்ச்சிக் கட்டியைத் தடிப்பாக்கி, அட்டவாபிஸ்கட் வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடம் அமைக்கிறார்கள். சனவரி நடுவில் திறந்து மார்ச் இறுதியில் மூடப்படுவது பொதுவான கணக்கு. அந்தப் பத்து வாரத்துக்குள் கட்டடப் பொருள், வாகனம், எரிபொருள், அறைகலன் எல்லாம் வந்து சேர வேண்டும். தவறினால் கோடையில் தோணிக்கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலம் தளரும் ஆண்டுகளில் சாலை தாமதமாகத் திறந்து விரைவாக மூடிவிடுகிறது. ஒரு வாரம் குறைந்தாலும் அவ்வாண்டு கட்ட வேண்டிய வீடுகளில் சில கட்டப்படாமலே போகும். பீவானக்குக்குச் செல்லும் பனித்தடம் மானிடோபா மாகாணத்தின் கில்லம் ஊரிலிருந்து 752 கிலோமீட்டர் நீள்கிறது. கிரீ மொழியில் துருவக் கரடியைக் குறிக்கும் 'வாபஸ்க்' என்ற சொல்லே அதன் பெயர்.

மூசொனிக்கும் மூஸ் ஃபாக்டரித் தீவுக்கும் இடையில் கோடையில் படகு, குளிரில் பனிச்சாலை, ஆறு உறையும்போதும் உடையும்போதும் ஹெலிகாப்டர்.

என்ன உண்கிறார்கள்?

முதலில் வாத்தைச் சொல்ல வேண்டும். கிரீ மொழியில் 'நிஸ்கா' எனப்படும் கனடா வாத்தும், அதன்பின் வரும் வெண்வாத்தும் ஏப்ரல் இறுதியில் தெற்கிலிருந்து திரும்புகின்றன. அப்போது பள்ளிகளுக்கே விடுமுறை விடப்படுகிறது. அலுவலகங்கள் பாதி வெறிச்சோடும். குடும்பம் குடும்பமாக ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டிகளில் முகாமுக்குச் செல்கிறார்கள். கூடாரத்தின் தரையில் ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை நெருக்கமாகப் பரப்பி, மணமும் மென்மையும் கொண்ட பாய் அமைக்கிறார்கள். வேட்டைக்காரர் பனிக்கட்டிகளையும் கிளைகளையும் அடுக்கிய மறைப்புக்குப் பின்னால் அமர்ந்து, எந்தக் கருவியும் இல்லாமல் வாயாலேயே வாத்தின் குரலை எழுப்பி, மேலே போகும் கூட்டத்தைத் திருப்புகிறார். காற்றின் திசை, கூட்டத்தின் உயரம், எப்போது சுட வேண்டும், எந்த நாளில் சுடாமல் பறவைகளை அமைதியாக இறங்கவிட வேண்டும் என்பனவெல்லாம் பள்ளிப்புத்தகத்தில் இல்லாத பாடங்கள். சிறுவன் வீழ்த்தும் முதல் வாத்து அவனுக்குரியதன்று. அது பெரியவர்களுக்குப் போகும்.

சமைக்கும் முறையில் புகழ்பெற்றது 'சகபுவான்'. வாத்தைக் கயிற்றில் கட்டி நெருப்பின் அருகே தொங்கவிட்டு, கயிற்றை முறுக்கி விடுவார்கள். அது தானாகச் சுழன்று, நின்று, எதிர்த்திசையில் சுழன்று, பல மணிநேரத்தில் எல்லாப் பக்கமும் சீராக வேகும். சொட்டும் கொழுப்பைக் கீழே தட்டில் பிடித்து, பானக் என்னும் ரொட்டியைத் தோய்த்து உண்பார்கள். மென்சிறகுகள் தலையணைக்கும் போர்வைக்கும் போகின்றன. மிச்சத்தைப் புகையிட்டும் உறைய வைத்தும் ஆண்டு முழுவதற்கும் சேமித்து, வேட்டைக்குப் போக இயலாத முதியோர் வீடுகளுக்கும் பங்கு அனுப்புகிறார்கள்.

இவ்வளவு இயல்பான ஒன்று நெடுங்காலம் சட்டப்படி குற்றமாக இருந்தது. அமெரிக்காவும் கனடாவுக்காகப் பிரிட்டனும் 1916இல் செய்துகொண்ட வலசைப்பறவை உடன்படிக்கை, மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டையைத் தடைசெய்தது. தெற்கத்தி வேட்டைக்காரர்களுக்கு இலையுதிர்காலம் முழுவதும் திறந்திருந்தது. வாத்துகள் வசந்தத்தில் வந்து இறங்கும் வடக்கிலோ, பசித்த மாதங்களில் கதவு மூடப்பட்டது. வேட்டை நிற்கவில்லை, ஆனால் அச்சத்தோடு நடந்தது. 1995இல் கையெழுத்தாகி 1999இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே முதற்குடிகளின் வசந்தகால வேட்டையை ஏற்றுக்கொண்டது.

இவற்றைத் தவிர மூஸ் மான், கரிபு மான், வெள்ளைமீன், ஸ்டர்ஜன் மீன், சதுப்பில் பழுக்கும் பெர்ரிகள் ஆகியவை உணவில் உண்டு.

கடைகளில் பொருள் கிடைக்காதா?

கிடைக்கும், விலைதான் தெற்கைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். பாலும் காய்கறியும் பழமும் விமானத்தில் வருவதால் எடையே விலையைத் தீர்மானிக்கிறது. 2011 முதல் மத்திய அரசின் வட கனடா ஊட்டச்சத்துத் திட்டம் மானியம் தருகிறது. அது வாடிக்கையாளரிடம் நேரடியாகத் தரப்படாமல் கடைகளின் வழியாகவே செல்வதால், எவ்வளவு உண்மையில் விலையில் குறைகிறது என்ற பூசல் ஓயவில்லை. வேட்டை இலவச உணவு என்று எண்ணுவதும் தவறு: ஸ்னோமொபைல், பெட்ரோல், தோட்டா எல்லாமே அதே விலையேறிய கடைகளிலிருந்து வருபவை.

வீடுகள் பற்றாக்குறை, கெட்ட குடிநீர் என்றெல்லாம் கேள்விப்படுகிறோமே, உண்மையா?

உண்மை. 2011 அக்டோபரில் அட்டவாபிஸ்கட் நெருக்கடி நிலையை அறிவித்தபோது, குடும்பங்கள் கூடாரங்களிலும் காப்பில்லாத கொட்டகைகளிலும் குளிர்காலத்தை எதிர்நோக்கியிருந்தன. அப்போதைய தலைவி தெரேசா ஸ்பென்ஸ், 2012 டிசம்பர் 11 முதல் 2013 சனவரி 24 வரை தலைநகர் ஒட்டாவாவில், ஆற்றிடைத் தீவு ஒன்றில் மீன் கஞ்சியும் தேநீரும் மட்டும் அருந்தி உண்ணாநிலை இருந்தார். கஷெச்செவனில் 2005 அக்டோபரில் குடிநீரில் ஈ.கோலை கிருமி கண்டறியப்பட்டு, மக்கள் பெருமளவில் வெளியேற்றப்பட்டனர். அட்டவாபிஸ்கட்டில் 2019 சூலையில் குழாய்நீரில் கிருமிநீக்கத்தின் துணைப்பொருட்கள் அளவுக்கு மிஞ்சியதால் மீண்டும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பீட் நிலத்து நீரில் கரிமப் பொருள் மிகுதி. அதனுடன் குளோரின் சேரும்போது இத்தகைய சேர்மங்கள் உண்டாகின்றன. ஆறு முழுவதும் நீர் ஓடும் ஊரில் குடிநீருக்குத் தனிக்குழாயில் வரிசை நிற்பதன் காரணம் இது.

வீடு கட்டிக்கொள்ளக் கடன் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கலைச் சொல்ல வேண்டும். முதற்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட 'ஒதுக்கு நிலத்தில்' உள்ள அவர்களின் சொத்தை வெளியார் பறிமுதல் செய்ய, முதற்குடிகள் பற்றிய கனடாவின் 'இந்தியன் சட்டம்' இடம் தருவதில்லை. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட அவ்விதியாலேயே வங்கிகள் வீட்டை ஈடாக ஏற்பதில்லை. ஆகவே வீடு கட்டும் பொறுப்பு பெரிதும் ஊராட்சியின் கைக்கும், அதன்வழி மத்திய அரசின் ஒதுக்கீட்டுக்கும் வந்துவிடுகிறது. நீரூறிய நிலத்தில் அடித்தளம் ஆண்டுதோறும் உறைந்தும் உருகியும் அசைவதும், நெருக்கடியான வீட்டில் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் பூஞ்சையாவதும் சேர்ந்துகொள்கின்றன.

அருகிலேயே வைரச் சுரங்கம் இருந்ததே, அதனால் ஊர் வளம் பெறவில்லையா?

அட்டவாபிஸ்கட்டுக்கு மேற்கே 90 கிலோமீட்டரில் டி பியர்ஸ் நிறுவனத்தின் விக்டர் சுரங்கம் 2008 முதல் 2019 வரை இயங்கியது. ஊராட்சியுடன் பயன்பகிர்வு உடன்பாடு இருந்தது. சிலருக்கு வேலையும் ஒப்பந்தப்பணியும் கிடைத்தன. ஆனால் கனிமத்தின் மீதான அரசுப்பங்கு மாகாணத்துக்கே உரியது. பள்ளி, வீடு, நீர் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஊர் நின்றது. சுரங்கத்தின் ஆயுள் பதினோரு ஆண்டு, ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளியில் சேர்ந்து உயர்நிலைப்பள்ளியை முடிக்கும் காலம்கூட இல்லை. தாழ்நிலத்தின் மேற்கு விளிம்பில், 'நெருப்பு வளையம்' எனப் பெயரிடப்பட்ட பகுதியில் குரோமைட்டும் நிக்கலும் எடுக்கும் திட்டங்கள் இப்போது பேசப்படுகின்றன. சில முதற்குடி ஊர்கள் சாலைக்காக அதை ஆதரிக்கின்றன. கீழ்நீரோட்டத்தில் உள்ள ஊர்கள் ஆற்றுக்கு அஞ்சி எதிர்க்கின்றன.

அவர்கள் மொழியும் எழுத்தும் எப்படிப்பட்டவை?

தமிழறிந்தவருக்கு வியப்பூட்டக்கூடிய மொழி. நாம் பெயர்களை உயர்திணை, அஃறிணை என்று பகுப்பது போல, கிரீ மொழி உயிருள்ளவை, உயிரற்றவை என்று பகுக்கிறது; வினையும் அதற்கேற்ப மாறும். ஆனால் அவர்கள் கணக்கில் கல்லும் கெண்டியும் கையுறையும் உயிருள்ளவற்றின் பக்கம். வட்டார வழக்குகளை ஓர் ஒலியை வைத்தே அடையாளம் காண்பார்கள்: 'நான்' என்பதற்குச் சதுப்புக் கிரீயில் 'நினா', மூஸ் கிரீயில் 'நிலா', சமவெளிக் கிரீயில் 'நியா'.

எழுத்துமுறையில் ஒன்பது உருவங்கள். ஒவ்வொன்றையும் நான்கு திசைகளில் திருப்பினால் நான்கு உயிரொலிகள் கிடைக்கும். நாம் கொம்பும் காலும் சேர்த்து உயிர்மெய்யை ஆக்குகிறோம். அவர்கள் எழுத்தையே திருப்பிவைக்கிறார்கள். 1840இல் நார்வே ஹவுஸ் என்ற இடத்தில் மறைப்பணியாளர் ஜேம்ஸ் எவன்ஸ் இதை அச்சில் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டியின் ஈயத்தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்தார். காகிதம் இல்லாமல் பிர்ச் மரப்பட்டையிலும் அடித்தார். தேவநாகரியின் சாயல் இதில் உண்டென்று ஆய்வாளர் கூறுவர். கிரீ மரபோ, இவ்வெழுத்து தம் முன்னோர் ஒருவருக்கு ஆவியுலகில் அருளப்பட்டது என்கிறது. எப்படியாயினும் அது ஆசிரியரின்றியே முகாமிலிருந்து முகாமுக்குப் பரவி, சில பத்தாண்டுகளில் கிரீ மக்களிடையே எழுத்தறிவை மிகப் பரவலாக்கியது.

மொழி இன்று ஏன் தளர்ந்திருக்கிறது?

பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த உறைவிடப் பள்ளிகளால். ஃபோர்ட் ஆல்பனியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1976 வரை இயங்கிய புனித அன்னாள் பள்ளிக்குக் கரை முழுவதிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டனர். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை, அடி, பாலியல் கொடுமை, வீட்டிலேயே செய்த மின்நாற்காலி ஆகியவற்றைப் பற்றி உயிர்தப்பியோர் சாட்சி சொன்னார்கள். 1990களில் மாகாணக் காவல்துறை விசாரித்து, முன்னாள் ஊழியர் சிலர் தண்டிக்கப்பட்டனர். நாடு முழுவதும் நடந்த இக்கொடுமைக்காக 2008 சூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2016 ஏப்ரலில் அட்டவாபிஸ்கட் இளையோரின் தற்கொலை முயற்சிகள் காரணமாக நெருக்கடி நிலையை அறிவித்ததைப் படிக்கும்போது, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட தலைமுறைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்போது பள்ளிகள் எப்படி?

அட்டவாபிஸ்கட்டின் கதையே போதும். 1979இல் தொடக்கப்பள்ளிக்கு அடியில் டீசல் கசிந்து மண்ணில் ஊறியது. தலைவலியும் குமட்டலுமாகப் பிள்ளைகள் அங்கேயே படித்தனர். 2000இல் பள்ளி மூடப்பட்டு, தற்காலிகப் பெட்டிக் கட்டடங்கள் வந்தன. அவை பதினான்கு ஆண்டு நீடித்தன. ஷானன் கூஸ்டாச்சின் என்ற மாணவி, புதிய பள்ளி கேட்டு நாடு முழுவதுமுள்ள பிள்ளைகளைக் கடிதம் எழுத வைத்தாள். உயர்நிலைப் படிப்புக்காக ஊரைவிட்டுத் தொலைவில் தங்கியிருந்தபோது 2010இல் சாலை விபத்தில் இறந்தாள், வயது 15. அவள் பெயரிலான தீர்மானத்தை 2012 பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. புதிய பள்ளி 2014இல் திறக்கப்பட்டது.

மருத்துவ வசதி?

ஊரில் செவிலியர் நிலையமோ சிறு மருத்துவமனையோ இருக்கும். மருத்துவர்கள் முறைவைத்து வந்துபோவார்கள். மூஸ் ஃபாக்டரியில் 1950இல் காசநோய்க்காகத் திறந்த மருத்துவமனைதான் கரைக்கெல்லாம் பொது. அதற்குமேல் என்றால் தெற்கிலுள்ள டிம்மின்ஸ் அல்லது கிங்ஸ்டன் நகரம், அதுவும் வானிலை இடம்கொடுத்தால். பேறுகாலம் நெருங்கும் பெண்கள் பல வாரம் முன்பே விமானத்தில் சென்று, உறவினர் அருகில் இல்லாமல் விடுதியில் காத்திருக்கிறார்கள். பாட்டி கைபடப் பிறந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கையிலேயே இந்த நிலை.

மின்சாரம் உண்டா?

கரையோர ஊர்கள் சேர்ந்து உருவாக்கிய நிறுவனத்தின் மின்தடம் 2001க்கும் 2003க்கும் இடையில் அட்டவாபிஸ்கட் வரை வந்தது. பீவானக்கில் டீசல் மின்னாக்கி.

துருவக் கரடிகள் ஊருக்குள் வருமா?

பீவானக் பக்கம் வரும். விரிகுடாவின் பனிக்கட்டி கோடையில் உருகியதும் அவை கரையேறி, மீண்டும் உறையும்வரை பட்டினியாகத் திரிகின்றன. உலகில் துருவக் கரடிகள் வாழும் தெற்கெல்லையே இந்தக் கரைதான்; 1970இல் ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டரில் ஒரு மாகாணப் பூங்கா இவற்றின் பெயரில் அமைக்கப்பட்டது.

இவ்வளவு துன்பத்துக்கு நடுவே, நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிடலாமே?

இந்தக் கேள்வி நல்லெண்ணத்தோடுதான் கேட்கப்படுகிறது. பலர் குடிபெயர்ந்தும் இருக்கிறார்கள். ஆயினும் கேள்விக்குள்ளேயே ஒரு கருத்து மறைந்திருக்கிறது: துன்பத்துக்குக் காரணம் அந்த நிலம் என்பது. மேலே சொன்னவற்றைத் திரும்பப் பார்த்தால், நிலத்தால் வந்த துன்பங்களைவிட, நிலத்தின் போக்குக்கு மாறாக ஓரிடத்தில் உட்கார வைக்கப்பட்டதால் வந்தவை மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர் எங்கே அமையும், என்ன கட்டப்படும், எப்போது கட்டப்படும் என்ற முடிவுகள் நெடுங்காலம் ஆற்றைப் பார்த்தறியாதவர்களால் எடுக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டு விடுதியில் தங்கும் கஷெச்செவன் மக்கள் நகரத்திலேயே இருந்துவிட விரும்புவதாகப் பெரும்பாலும் சொல்வதில்லை; அவர்கள் கேட்பது அதே ஆற்றின் மேட்டுக்கரையை.

நாமும் போய்ப் பார்க்கலாமா?

போகலாம். காக்ரேன் வரை சாலை, பிறகு ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணிநேரம், மூசொனியிலிருந்து படகில் மூஸ் ஃபாக்டரி; அங்கே கிரீ மக்களே நடத்தும் விடுதி உண்டு. கோடையில் கொசுவுக்கும் கருப்பு ஈக்கும் முழுக்கை உடையும் வலையும் வேண்டும். அதற்கு வடக்கேயுள்ள ஊர்கள் சுற்றுலாத் தலங்கள் அல்ல, ஒதுக்கு நிலங்கள். முன்னதாக ஊராட்சி அலுவலகத்துடன் பேசி, தங்குமிடம் உறுதியானபின் செல்வதே முறை. ஏப்ரல் இறுதி முதல் மே நடுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ஆற்றைக் கடக்க வழியிருக்காது, தொலைபேசியை எடுக்க அலுவலகத்தில் ஆளும் இருக்கமாட்டார், எல்லோரும் வாத்துக்குப் போயிருப்பார்கள்.